ஆறு விருப்பப் பாடங்கள்

லிஸ்பன்
14 அக்டோபர் 2001

அன்புள்ள அக்கா கிரசியேத்துக்கு,

நீ அனுப்பிய பொட்டலம் வியாழக்கிழமை வந்தது. மீன் வடிவ இனிப்பு மத்திப் பலகாரம் பன்னிரண்டில் நான்கு உடைந்திருந்தன. உடைந்தவை எனக்கு, முழுசாக இருந்தவை வீட்டுக்கார எர்மெலின்டா அம்மாளுக்கு. “உங்க த்ரன்கோசோவுல கடல் இல்லன்னு கன்னியாஸ்திரிங்க மாவுலயே மீன் பிடிச்சாங்களாக்கும்” என்று கேலி பேசிக்கொண்டே எட்டையும் முடித்துவிட்டார்.

நான் நலம். வணிக நிர்வாகப் படிப்பின் இரண்டாம் ஆண்டு தொடங்கிவிட்டது. போன ஆண்டு எல்லோருக்கும் ஒரே பாடம், பள்ளிக்கூடம் மாதிரி. இந்த ஆண்டுதான் நமக்குப் பிடித்ததை எடுக்கலாம். முப்பத்தொரு பாடங்கள் உள்ள சிறு புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். அதில் ஆறு நம் விருப்பம். மூன்று நாளாகப் பென்சிலும் கையுமாக அலைகிறேன். அக்கா, முப்பத்து நான்கு வயதில் முதல்முறையாக யாரோ என்னிடம் “உனக்கு என்ன வேணும்?” என்று கேட்கிறார்கள். சிரிக்காதே.

நான் எழுதிக் கொடுத்தவை: புதிய பொருள் உருவாக்கம், சிறு நிறுவனம் தொடங்குதல், வாங்குபவர் மனம், சரக்குப் போக்குவரத்து, உணவுத் தொழில், விலை பேசுதல். இரண்டாவதும் ஐந்தாவதும் எதற்கென்று உனக்குச் சொல்ல வேண்டாம். நம் செஸ்ட்நட் தோப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது அல்லவா?

படிவத்தில் கம்பெனி சார்பில் இன்ஜினியர் டெலெஸின் கையெழுத்து வேண்டும். படிக்கவைப்பது அவர்கள்தானே. அது வெறும் சடங்கு என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

ஓராசியு அத்தான் சுவிட்சர்லாந்திலிருந்து என்ன எழுதுகிறார்? உன் முதுகுவலி எப்படி?

உன் தம்பி,
அதெரித்து


த்ரன்கோசோ
23 அக்டோபர் 2001

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன்; அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது, எழுந்து போனவள்தான். நீ ஃபோன் செய்தால் “சரி, சரி” என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். காகிதத்தில்தான் உன் வாய் திறக்கிறது. எனக்கும் பதினோரு வருஷமாகச் சுவிட்சர்லாந்துக்கு எழுதி எழுதி இதுவே பழகிவிட்டது.

நீ எடுத்த பாடங்களைச் சாப்பாட்டு இடைவேளையில் தையல் பெண்களிடம் வாசித்துக் காட்டினேன். “விலை பேசுறதுக்குப் படிப்பா? உங்க தம்பி சந்தையில ஒரு கோழிய விலைக்குக் கேட்டா, கோழிக்காரி அதே ஒரு கோழியக் குடுத்து ரெண்டு மடங்கு காசு வாங்கிடுவாளே!” என்றாள் அல்சீரா. எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அவளுக்கு உன்மேல் பெருமை. நம் தொழிற்சாலையிலிருந்து லிஸ்பனுக்குப் படிக்கப் போன முதல் ஆள் நீதான் என்று புதுப் பெண்களிடம் அவள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு செய்தி. ஒன்று, தொழிலாளர் குழுவுக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நான் கேட்கவில்லை. நான்காம் தையல் லைனிலிருந்து யாராவது வேண்டும் என்றார்கள், எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு, இதுதான் பெரியது: ஜனவரியில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் எலக்ட்ரீஷியன் வேலை காலியாகிறது. இன்ஜினியர் டெலெஸே கூப்பிட்டுச் சொன்னார்: “உன் வீட்டுக்காரர் வர்றதா இருந்தா சொல்லு, கிரசியேத்து.” ஓராசியுவுக்கு எழுதிவிட்டேன். பதினோரு வருஷம், தம்பி. ஆகஸ்டில் நான்கு வாரம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் காகிதத்தோடு குடும்பம் நடத்தினேன்.

தோப்பு அங்கேயேதான் இருக்கிறது. காட்டுப்பன்றி வந்து போகிறது. ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா,
கிரசியேத்து


லிஸ்பன்
8 நவம்பர் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் வரப்போகிறார் என்று படித்து மகிழ்ச்சி. குழுவுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமே இல்லை.

என் படிவம் செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது. ஆறில் ஐந்தைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, இன்ஜினியர் டெலெஸ் தன் கையாலேயே வேறு ஐந்து பாடங்களை எழுதியிருக்கிறார். ‘விலை பேசுதல்’ மட்டும் தப்பித்தது. எனக்கு வந்த கோபத்தில் உடனே ஃபோன் செய்தேன்.

“இன்ஜினியர் ஐயா, இது விருப்பப் பாடம்” என்றேன்.

“ஆமாம்ப்பா. யாரோட விருப்பம்னு அதுல போட்டிருக்கா?” என்று சிரித்தார். பிறகு, “அதெரித்து, ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போறவன் சொல்றதைத்தான் சாப்பிடணும். நல்ல சாப்பாடுதான், கவலைப்படாத. படிச்சு முடிச்சதும் உனக்குப் பெரிய இடம் காத்திருக்கு” என்றார்.

கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நல்லவள். “மாத்தலாம் சார், இன்னும் பத்து நாள் இருக்கு. புதுப் படிவத்துல உங்க கம்பெனி கையெழுத்து போட்டா போதும்” என்றாள். அதே வாசலுக்குத் திரும்பி வந்தேன். படிப்பை விட்டுவிடலாமா என்றும் ஒரு மாலை முழுக்க யோசித்தேன். ஒப்பந்தப்படி, படித்தாலும் விட்டாலும் மூன்று வருஷம் அவர்கள் அனுப்பும் இடத்தில் வேலை செய்தாக வேண்டும்.

பாடங்களின் பெயரை எழுதினால் உனக்குக் கொட்டாவி வரும். தொழிலாளர் சட்டம், நிறுவன மறுசீரமைப்பு, இப்படி.

அத்தான் விஷயமாக ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இவ்வளவு அவசரம் எதற்கு? வசந்தம் வரை அங்கேயே இருக்கட்டுமே. குளிர்காலத்தில் வந்தால் வீட்டுக் கூரையைக்கூட மாற்ற முடியாது. நன்றாக யோசித்துச் செய்யுங்கள்.

அன்புடன்,
அதெரித்து


த்ரன்கோசோ
18 நவம்பர் 2001

தம்பிக்கு,

கூரைமேல் உனக்கு எப்போதிலிருந்து இவ்வளவு அக்கறை? போன மழையில் ஓடு மாற்ற ஏணியைப் பிடிக்கச் சொன்னதற்குத் தலைசுற்றுகிறது என்று ஓடிப்போனவன் நீ. உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதை ஓராசியுவுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். “உன் தம்பிக்கு நான் ஊருக்கு வர்றது பிடிக்கலையா?” என்று கேட்டார். வியாழக்கிழமை, பதினைந்தாம் தேதி, அவர் அங்கே ராஜினாமா கொடுத்துவிட்டார். முடிந்த பேச்சு.

சான் மார்தீன்யு திருநாளுக்குத் தோப்பில் நெருப்பு மூட்டி செஸ்ட்நட் சுட்டோம். அல்சீரா புது ஒயின் கொண்டுவந்தாள். பெண்கள் மூஞ்சியில் கரி பூசிக்கொண்டு ஆடினார்கள். உன் பங்கை உரித்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், கிறிஸ்துமஸுக்கு வந்து சாப்பிடு.

பாடங்களை அவர்கள் மாற்றியது எனக்கும் வருத்தம்தான். வீட்டில் நீ சின்ன வயதிலேயே எதையும் கேட்டு வாங்கத் தெரியாதவன், இப்போது ஒன்று கேட்டாய், அதையும் அடித்துவிட்டார்கள். ஆனால் தொழிலாளர் சட்டம் படிக்கிறாய் என்றதும் எனக்குள் ஒரு சந்தோஷம். குழுவில் நாங்கள் எட்டுப் பேர், சட்டம் தெரிந்தவர் ஒருவர் இல்லை. உன் குறிப்புகளை எனக்கும் அனுப்பு. என்னென்ன கேள்வி கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று எளிதாக எழுது. அல்சீரா கேட்கிறாள்: “டெலெஸ் ஏன் உன் தம்பிய சட்டம் படிக்கச் சொல்றாரு? யாரை வெளிய அனுப்பப் போறாங்களாம்?” வேடிக்கையாகத்தான் கேட்டாள்.

ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அக்கா,
கிரசியேத்து


லிஸ்பன்
2 டிசம்பர் 2001

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

நீ கேட்ட குறிப்புகளை இத்துடன் வைத்திருக்கிறேன். பச்சைக் கோடு போட்ட பகுதியைக் கட்டாயம் படி. குழு எழுத்தில் கேள்வி கேட்டால் நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். ஃபோனில் கேட்காதீர்கள், நேரில் கேட்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் உள்ளபடி, சில விஷயங்களைப் பற்றி வகுப்புக்கு வெளியே நான் பேசக் கூடாது. அதனால் காரணம் கேட்காதே. அத்தானால் ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடிந்தால் வாங்கச் சொல். முடியாவிட்டாலும் வேறு யாரிடமாவது கேட்கச் சொல். அங்கேயே இருக்கச் சொல்.

எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. எர்மெலின்டா அம்மாள் காதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அதெரித்து


த்ரன்கோசோ
9 டிசம்பர் 2001

அதெரித்து,

உன் கடிதம் என் கைக்கு வெள்ளிக்கிழமை வந்தது. ஓராசியு நேற்று, சனிக்கிழமை மதியப் பேருந்தில் வந்து இறங்கினார். இரண்டு பெட்டி, ஒரு துளையிடும் இயந்திரம், எனக்கு ஒரு கம்பளிக் கோட்டு. பேருந்து நிறுத்தத்திலேயே, “அடுத்த வாரம் கூரைய மாத்திடறேன், உன் தம்பி வாய அடைக்கணும்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நான் போட்டிருந்த பழைய கோட்டின் பையில் உன் கடிதம் இருந்தது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வேன்?

நான் தையல்காரி. எந்தத் துணியையும் திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்க்காமல் இருக்க மாட்டேன். உன் கடிதங்களையும் திருப்பிப் பார்த்துவிட்டேன். தொழிலாளர் சட்டம். மறுசீரமைப்பு. மற்ற மூன்றின் பெயரை நீ எழுதவே இல்லை. எழுது. நீ ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டாய், சரி. நான் நானூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னால் கையைத் தூக்கி இந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் கையெழுத்துதான்.

நம் தொழிற்சாலையை மூடப்போகிறார்களா? ஆம் என்றால் ஆம் என்று எழுது. எந்த மாதம் என்று எழுது. சுற்றி வளைத்து எழுதினால் இனி நான் உறையைப் பிரிக்க மாட்டேன்.

கிரசியேத்து


லிஸ்பன்
14 டிசம்பர் 2001

அக்கா,

ஆம். ஜூன்.

மற்ற மூன்று பாடங்கள்: உற்பத்தி இடமாற்றம், நெருக்கடிக் காலத்தில் பேசும் முறை, கிழக்கு ஐரோப்பியச் சந்தைகள். படிவம் திரும்பி வந்த அன்றே, நவம்பர் ஆறாம் தேதியே, அந்த ஐந்து பெயரையும் சேர்த்துப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மளிகைப் பட்டியலைப் பார்த்தால் என்ன சமையல் என்று தெரியாதா? எட்டாம் தேதி உனக்கு எழுதியபோது தெரிந்துதான் எழுதினேன். அதனால்தான் கூரை, குளிர் என்று உளறினேன். சந்தேகம்தானே, உறுதி இல்லையே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

நவம்பர் இருபதாம் தேதி உறுதியாகிவிட்டது. மறுசீரமைப்பு வகுப்பில் ஆளுக்கொரு திட்டம் தயாரிக்க வேண்டும். என்னுடையதற்குத் தேவையான விவரங்களை டெலெஸே அனுப்பினார். கார் இருக்கை உறை தைக்கும் தொழிற்சாலை, மலைப்பகுதி, ஒன்பது லைன், நானூற்றுப் பன்னிரண்டு பேர். பெயரை மட்டும் மறைத்திருந்தார்கள். அத்தனையும் நம் தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் இருந்தபோது நான் என் கையால் போட்ட எண்கள், அக்கா. என்னிடமிருந்தே மறைத்து எனக்கே அனுப்பினார்கள். அப்போதுதான் அந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள்.

வகுப்பில் பேராசிரியை சொல்கிறார்: “இந்தத் தொழிற்சாலையில உங்களுக்கு யாரையும் தெரியாதுன்னு நினைச்சுக்கங்க. தெரிஞ்சவங்க இருந்தா தப்பா முடிவெடுப்பீங்க.” எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்துக்கொண்டேன்.

வேலை ருமேனியாவுக்குப் போகிறது. அங்கே அதைத் தொடங்கி நடத்தப் போகிறவன் நான். அதுதான் அந்தப் பெரிய இடம்.

எந்த லைனை முதலில் நிறுத்துவது, எதைக் கடைசியில் நிறுத்துவது என்ற வரிசையையும் நான்தான் எழுத வேண்டியிருந்தது. கணக்குப்படி பார்த்தால் உன் நான்காம் லைன்தான் முதலில் நிற்க வேண்டும், உங்கள் இயந்திரங்கள்தான் மிகப் பழையவை. நான் அதைக் கடைசியில் போட்டேன். இரண்டாம் லைனை முதலில் வைத்தேன். என்னால் முடிந்தது அது ஒன்றுதான்.

இந்தக் கடிதத்தில் உள்ளதை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்து. என் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம். நான் போட்ட கையெழுத்தை வைத்து என்னை நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள். இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. அந்த மேசையில் அத்தானுக்கு எதிரே உட்கார்ந்து மீனும் முட்டைக்கோசும் சாப்பிட என்னால் முடியாது.

அதெரித்து


த்ரன்கோசோ
3 மார்ச் 2002

தம்பி,

இத்தனை நாள் எழுதாததற்கு வேலை மட்டும் காரணம் இல்லை.

நீ கேட்டதைச் செய்தேன். கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை, ஓராசியுவுக்குக்கூட. உன் குறிப்புகளைப் பார்த்து கேள்விகளை நானே எழுதினேன், குழு கையெழுத்துப் போட்டது, ஜனவரி ஏழாம் தேதி கொடுத்தோம். எட்டு நாள் டெலெஸ் எங்கள் பக்கமே வரவில்லை. அப்புறம் கூப்பிட்டார். “யாரோ சட்டம் படிச்ச ஆளு சொல்லிக்குடுத்த மாதிரி இருக்கே, கிரசியேத்து?” என்று என் முகத்தையே பார்த்தார்.

“இருபத்திரண்டு வருஷமா தைக்கிறேன் இன்ஜினியர் ஐயா. தையல் எங்க பிரியும்னு பாத்தாலே தெரியும்” என்றேன்.

இருபத்தொன்றாம் தேதி எல்லோரையும் உணவுக்கூடத்துக்கு வரச் சொல்லி அறிவித்தார்கள். நாங்கள் முன்பே தயாராக இருந்ததால் கொஞ்சம் பிடுங்க முடிந்தது. ஜூன் என்பது செப்டம்பர் ஆனது. வயதானவர்களுக்கு நல்லபடியாக ஓய்வு. அதெல்லாம் உன்னால் கிடைத்தது. அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

மற்றவர்களுக்குத் தெரிந்தது வேறு. அன்று குழுவுக்குத் திட்டத்தின் பிரதி கொடுத்தார்கள். நீ வகுப்புக்குத் தயாரித்ததையே கம்பெனி எடுத்துக்கொண்டிருக்கிறது; முதல் பக்கத்தில், தயாரித்தவர் என்று உன் முழுப் பெயர். ஏழாம் பக்கத்தில் வரிசை. இரண்டாம் லைன் முதலில், நான்காம் லைன் கடைசியில். அல்சீரா இரண்டாம் லைன் என்பது உனக்கு மறந்துபோனதா? அவள் அதை விரலால் தடவிப் படித்தாள். “அக்கா லைன் கடைசியில இருக்கு. நல்ல தம்பி” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. இப்போது சாப்பாட்டு இடைவேளையில் என் பெஞ்சில் நான் மட்டும் உட்காருகிறேன்.

எனக்கு வாய்வரை வந்தது, தம்பி. ‘அவன்தான் நமக்கு முன்கூட்டியே சொன்னான், அவன் சொல்லாவிட்டால் ஜூனில் தெருவில் நின்றிருப்போம்’ என்று. டெலெஸ் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தார். விழுங்கிவிட்டேன். உன்னைக் காப்பாற்ற நான் வாயை மூடியதால், ஊர் முழுக்க உன்னைக் கொலைகாரன் என்கிறது. இதில் எதைச் செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

குழுக் கூட்டத்தில் வரிசையை மாற்றச் சொன்னேன். நான்காம் லைன் முதலில் நிற்கட்டும், இயந்திரங்களும் பழசு என்றேன். என் லைன் பெண்கள் முப்பத்தெட்டுப் பேரிடமும் முன்பே ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். பலர் சரி என்றார்கள், சிலர் அழுதார்கள், ஒருத்தி என்னைத் திட்டினாள். ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஏப்ரல் பன்னிரண்டு எங்களுக்குக் கடைசி நாள்.

மூடப்போகிற இடத்தில் எலக்ட்ரீஷியன் வேலை ஏது? ஓராசியு பிப்ரவரியில் சுவிட்சர்லாந்துக்கே திரும்பிப் போய்விட்டார். பழைய வேலையில் வேறு ஆள். ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறார், ஐம்பத்திரண்டு வயதில். கூரையை மட்டும் முழுசாக மாற்றிவிட்டுப் போனார். மே மாதம் நானும் போகிறேன். அங்கே துணி வெளுக்கும் இடத்தில் சேர்த்துக்கொள்வார்களாம்.

நீ ருமேனியா போவாய். போகாமல் என்ன செய்வாய்? நான் சாபம் விடவில்லை. உனக்கு மூன்று பக்கமும் சுவர் என்று தெரியும். ஆனால் ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது. நவம்பர் எட்டாம் தேதி நீ எழுதிய கடிதம் திங்கட்கிழமை என் கையில் இருந்தது. அதில் கூரைக்குப் பதில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால், வியாழக்கிழமை அவர் ராஜினாமா கொடுத்திருக்க மாட்டார். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நீ செய்ததை நினைத்துப் பார்க்கிறேன், நன்றியாக இருக்கிறது. அந்த மூன்று நாளை நினைத்துப் பார்க்கிறேன், உன் முகம் பார்க்க வேண்டாம் என்று இருக்கிறது. இரண்டும் உண்மை. எது ஜெயிக்கும் என்று தெரியவில்லை.

ஈஸ்டருக்கு வராதே. பயமுறுத்தவில்லை. அம்மாவின் கல்லறைக்கு நான் பூ வைத்துவிடுகிறேன்.

மே வரை இங்கே எழுதுவதாக இருந்தால், உறையின் பின்பக்கம் உன் பெயரைப் போடாதே. புதுத் தபால்காரர் அல்சீராவின் தம்பி. நானும் இதில் கீழே பெயர் எழுதப்போவதில்லை. என் எழுத்து உனக்குத் தெரியும்.